இலை படத்தில் கெடுகிறதா? அறிகுறியிலிருந்து தொடங்குங்கள்

பினாங்குத் தாவரவியல் பூங்காவில் ஞாயிறு காலை எட்டு மணிக்கு நாகலிங்க மரங்களைக் கடந்து உள்ளே போனால், ஓர் இலைக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்திருக்கும் ஒருவரையாவது பார்ப்பீர்கள். 1884இல் தொடங்கிய பூங்கா அது. இலைக்குக் குறைவே இல்லை. குறையெல்லாம் படத்தில்தான் வருகிறது. "அக்கா, நேரில் பார்த்த பச்சை எங்கே போயிற்று?", "நரம்பே தெரியவில்லையே, லென்ஸ் கெட்டுவிட்டதா?" என்று பல வருடங்களாக என்னிடம் கேமராவையும் கைப்பேசியையும் நீட்டுகிறார்கள். ஆயர் ஈத்தாமில் இருக்கும் என் அண்ணன் மகள் புலனத்தில் அனுப்பும் படங்களுக்கும் இதே பதில்களைத்தான் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறேன்.

அந்தப் பதில்களை அறிகுறிவாரியாக இங்கே வைக்கிறேன். உங்கள் படத்தில் என்ன குறை தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். காசு செலவில்லாத காரணம் முதலில் வரும். கடையில் கொடுக்க வேண்டியது கடைசியில் வரும். எந்தப் படியில் குறை தீர்கிறதோ அங்கேயே நின்றுகொள்ளுங்கள். புது லென்ஸ் வாங்கியே ஆக வேண்டும் என்று வந்தவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையில் தேவைப்பட்டது ஒரு குடையும் ஒரு சாத்தே குச்சியும்தான்.

படம் முழுவதும் பனி மூடினாற்போல் வெளிறிக் கிடக்கிறது

முதலில் உங்கள் விரலைச் சந்தேகப்படுங்கள். கைப்பேசியின் லென்ஸ் நாள் முழுக்க உள்ளங்கையிலும் சட்டைப்பையிலும் உரசுகிறது. பசியாறிய கையோடு எடுத்தால் எண்ணெய் படியாமல் இருக்காது. சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வட்டமிட்டுத் துடைத்து, அதே இலையை மறுபடியும் எடுத்துப் பாருங்கள்.

*துடைக்கத் துடைக்க மூட்டம் திரும்ப வருகிறதென்றால்*

அது ஈரம். ஏசி அறையிலிருந்தோ காரிலிருந்தோ நேரே வெளியே வந்திருப்பீர்கள். நம் ஊரின் ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டதும் நீராகப் படிந்துவிடுகிறது. துடைத்துப் பயனில்லை, இருபது முப்பது நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் லென்ஸை மட்டும் கழற்றிவிடாதீர்கள், ஈரம் உள்ளே படத்தைப் பதியும் சென்சாரிலும் படியும். அடுத்த முறை வீட்டுக்குள்ளேயே கேமராவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு மூடிவிட்டு, பூங்காவுக்கு வந்து அரை மணி கழித்துத் திறங்கள். ஈரம் பையின் மேல் படியும், கேமராவின் மேல் அல்ல.

*ஈரமும் இல்லை, ஒரு திசையில் எடுக்கும்போது மட்டும் வெளிறுகிறது*

வெயில் லென்ஸின் முன்கண்ணாடியில் நேராக விழுகிறது. லென்ஸுக்கு மேலே கையை நீட்டி நிழல் கொடுங்கள். சரியாகிவிட்டால் லென்ஸின் முனையில் மாட்டும் ஹூட் என்ற நிழல்வளையம் போதும். லென்ஸைப் பாதுகாக்க என்று மலிவான கண்ணாடி ஒன்றை முன்னால் மாட்டியிருந்தால் அதையும் கழற்றிவிட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

*எந்தத் திசையிலும், எந்த நாளிலும் அதே மூட்டம்*

இருட்டறையில் லென்ஸின் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, முன்பக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலையின் இழை போலவோ வேர் போலவோ கிளைத்திருந்தால் அது பூஞ்சை. லென்ஸைக் கேமராப் பையிலேயே அடைத்து அலமாரிக்குள் வைத்தால் இந்த ஈரத்தில் பூஞ்சை பிடிக்காமல் இருப்பதுதான் அதிசயம். இதை நீங்களே திறக்காதீர்கள். லென்ஸைத் திறந்து சுத்தம் செய்யும் கடையில் காட்டி, செலவு எவ்வளவு என்று முன்கூட்டியே கேளுங்கள். கண்ணாடியின் பூச்சையே பூஞ்சை அரித்திருந்தால் சுத்தம் செய்தாலும் தழும்பு நிற்கும். அப்படியானால் பணத்தை அதில் போட வேண்டாம். பூஞ்சை பிடித்த லென்ஸை மற்ற லென்ஸ்களோடு ஒரே பெட்டியிலும் வைக்காதீர்கள். இனி வாங்குவதையாவது ஈரம் உறிஞ்சும் பெட்டியில், ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்கும்படி பாதுகாத்துக்கொள்ளுங்கள்.

இலையின் மேல் வெள்ளைப் பளபளப்பு. பச்சை அடியில் ஒளிந்துகொள்கிறது

என்னிடம் அதிகமாக வரும் குறை இதுதான். வெற்றிலை, ரப்பர்ச் செடி, புன்னை, மணி பிளாண்ட் என மெழுகு பூசிய எல்லா இலையிலும் வரும். இங்கே ஒரே ஒரு கேள்வியைச் சரியாகக் கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்: மேலே மின்னுவது சூரியனா, வானமா?

சிறிய, கூர்மையான, கண்ணைக் குத்தும் வெள்ளைப் புள்ளிகளாக இருந்தால் அது சூரியன். இலையின் பாதியை மூடிக்கொண்டு பால் ஊற்றினாற்போல், கொஞ்சம் நீலம் கலந்த வெண்மையாகப் பரவியிருந்தால் அது வானம். இரண்டுக்கும் மருந்து வேறு. மாற்றிக் கொடுத்தால் நோய் கூடும்.

*சூரியன் என்றால்* வெயிலுக்கும் இலைக்கும் நடுவே ஒரு வெள்ளைக் குடையைப் பிடியுங்கள். வெள்ளைக் குடை இல்லையென்றால் மெல்லிய வெள்ளைத் துணி போதும். ஒளி துணியில் பரவி மென்மையாக இறங்கும், புள்ளிகள் கரைந்துபோகும்.

*வானம் என்றால்* வெள்ளைக் குடை வேலைக்கு ஆகாது. இலை கண்ணாடியைப் போல மேலே இருப்பதைக் காட்டுகிறது. வெள்ளையைப் பிடித்தால் வெள்ளையைத்தான் காட்டும். இங்கே வேண்டியது கறுப்புக் குடை. இலைக்கு மேலே, கேமராவுக்கு எதிர்ப்பக்கமாகப் பிடித்து மெல்ல நகர்த்திப் பாருங்கள்.

இதை நம்பாதவர்களுக்கு நான் வீட்டில் செய்துகாட்டும் சோதனை ஒன்று உண்டு. லிட்டில் இந்தியாவில் வாங்கிவந்த வெற்றிலையில் ஒன்றை எடுத்துச் சமையலறை மேசையில் ஜன்னலைப் பார்த்து வைப்பேன். நடு நரம்புக்கு இடப்பக்கம் முழுவதும் வெளுத்திருக்கும். ஜன்னல் கம்பியின் நிழல்கூட அதில் தெரியும். கறுப்புக் குடையை விரித்து ஜன்னலை மறைத்துக்கொண்டே வரும்போது, வெளுப்பு ஓரத்திலிருந்து பின்வாங்கும். அது விலகிய இடத்தில் முதலில் தெரிவது பச்சை அல்ல, காம்பருகிலிருந்து விரல்களைப் போலப் பிரியும் நரம்புகள்தான். அதற்குப் பிறகு நரம்புகளுக்கு நடுவே மேடாக உப்பியிருக்கும் தோல். கடைசியில்தான் அந்த ஆழ்ந்த பச்சை. அரை நிமிடத்தில் நடக்கும் இந்த மாற்றத்தை ஒருமுறை பார்த்தவர் அதற்குப் பிறகு குடையில்லாமல் கிளம்புவதில்லை.

*குடையாலும் முழுதாகப் போகவில்லை என்றால்* பளபளப்பை வெட்டும் போலரைசர் என்ற வடிகட்டிக் கண்ணாடியை லென்ஸில் மாட்டுங்கள். மாட்டினால் மட்டும் போதாது. வளையத்தைச் சுற்றிக்கொண்டே திரையைப் பார்க்க வேண்டும். பளபளப்பு குறையும் இடத்தில் நிறுத்த வேண்டும். இலையை நேர் மேலிருந்து எடுத்தால் போலரைசருக்கு வேலையே இல்லை. இலைப்பரப்போடு ஏறக்குறைய 35 பாகை சாய்வில் பார்க்கும்போதுதான் அது நன்றாக வெட்டும். ஒளியில் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்) விழுங்கிவிடும் என்பதால் ஷட்டர் வேகத்தையும், அதாவது ஒளி உள்ளே விழும் நேரத்தையும், கவனியுங்கள். கைப்பேசிக்காரர்கள் போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடியை லென்ஸுக்கு முன்னால் பிடித்துச் சுழற்றிப் பார்க்கலாம்.

பிளாஷ் பயன்படுத்துகிறவர்கள் பிளாஷின் மேல் ஒரு போலரைசிங் தாளையும் லென்ஸில் ஒரு போலரைசரையும் ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்தால் பளபளப்பை அறவே அகற்றலாம். ஆனால் அறவே அகற்றுவதை நான் விரும்புவதில்லை. வெற்றிலைக்கு அழகே அந்த மினுமினுப்பு. அதை மொத்தமாகத் துடைத்தெடுத்தால் இலை பச்சைக் காகிதம் போலாகிவிடும். ஓரத்தில் ஒரு கீற்று ஒளியை விட்டுவையுங்கள்.

ஓரிடம் மட்டும் தெளிவு, மீதி இலை மங்கல்

இது பழுதே அல்ல, ஆனாலும் பழுது என்று நினைத்து லென்ஸை விற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். லென்ஸின் துளை எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை எஃப் எண் சொல்லும்; எண் கூடினால் துளை சிறுக்கும். முழுச் சட்டக (பெரிய சென்சார் கொண்ட, ஃபுல் ஃபிரேம்) கேமராவில் இலையை அதன் உண்மை அளவிலேயே சென்சாரில் விழும்படி எடுக்கும்போது, எஃப் 8இல் தெளிவாக விழும் ஆழம் சுமார் 1 மில்லிமீட்டர். பாதி அளவில் எடுத்தால் அது கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர். உங்கள் இலையின் வளைவு எத்தனை மில்லிமீட்டர் என்று ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். பதில் கையிலேயே இருக்கிறது.

ஆகவே முதல் வேலை, கேமராவின் பின்பக்கத்தை இலைக்கு இணையாக வைப்பது. இதற்குக் கேமராவுக்கு முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் போய் நின்று பார்க்க வேண்டும். முக்காலியில் வைத்துவிட்டு ஓர் அடி விலகிப் பார்த்தால் சாய்வு உடனே தெரியும். கையில் பிடித்துக்கொண்டே இதைச் சரிசெய்ய முடியும் என்று யாரும் நம்ப வேண்டாம்.

*இணையாக வைத்தும் ஓரங்கள் மங்கினால்* இலையே வளைந்திருக்கிறது. கொஞ்சம் பின்னால் நகர்ந்து எடுங்கள். படத்தைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். உதிர்ந்த இலையென்றால் அடியில் இருபக்க நாடாவை ஒட்டித் தட்டையான பலகையில் படியவையுங்கள்.

*அதுவும் போதவில்லை என்றால்* எஃப் 11 வரை போகலாம். அதற்கு மேல் எஃப் 16, எஃப் 22 என்று ஏற்றிக்கொண்டே போனால் ஆழம் கூடும், ஆனால் படம் முழுவதுமே சற்று மழுங்கும். இவ்வளவு நெருக்கத்தில் எஃப் 16 என்று கேமரா சொன்னாலும் உள்ளே எஃப் 32க்குரிய மழுக்கம் வந்துவிடுகிறது.

*கடைசி வழி* அடுக்குப் படம். ஃபோகஸை நூலிழை நூலிழையாக நகர்த்திப் பத்து இருபது படங்கள் எடுத்து மென்பொருளில் ஒன்றாக்குவது. காற்றே இல்லாத இடத்தில்தான் இது நடக்கும், ஆகவே வீட்டுக்குள் செய்யுங்கள். பல புதிய கேமராக்களில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. தனி உபகரணம் வாங்குமுன் உங்கள் கேமராவின் கையேட்டைப் பாருங்கள். இந்த அறிகுறிக்கு எந்தக் கட்டத்திலும் பழுதுபார்ப்பவர் தேவையில்லை.

எங்குமே தெளிவில்லை

மேலே சொன்னதோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். படத்தைப் பெரிதாக்கி மூலைமுடுக்கெல்லாம் தேடியும் கூர்மையான ஓரிடம்கூட இல்லையென்றால்தான் இந்தத் தலைப்பு.

மங்கல் ஒரே திசையில் இழுபட்டதுபோல் இருந்தால் அசைவு. அசைந்தது இலையா, கையா? பக்கத்திலிருக்கும் கிளையோ கல்லோ தெளிவாக இருந்தால் இலைதான் ஆடியது. எல்லாமே இழுபட்டிருந்தால் உங்கள் கை.

இலைக்கு மருந்து சாத்தே குச்சி. காம்பின் அருகே மண்ணில் ஊன்றி, துணி கிளிப்பால் காம்பை மெதுவாகக் குச்சியோடு பிடித்துவிடுங்கள். நெரிக்க வேண்டாம், தாங்கினால் போதும். நேரமும் முக்கியம். இங்கே சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் எட்டிப்பார்க்கிறது. அப்போதிலிருந்து ஒன்பது மணி வரை பூங்காவின் பள்ளத்தாக்கில் காற்று பெரும்பாலும் அடங்கியே இருக்கும். வெயில் ஏற ஏறக் கடற்காற்றும் ஏறும்.

கைக்கு மருந்து முக்காலி, இரண்டு நொடி டைமர். முக்காலி இல்லையென்றால் ஷட்டரை 1/200 நொடிக்கோ இன்னும் வேகமாகவோ வைத்து, ஒளி உணரும் திறனான ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொள்ளுங்கள். அதனால் படம் புள்ளி புள்ளியாகலாம். புள்ளி புள்ளியான படத்தைச் சரிசெய்யலாம். ஆடிய படத்தை எதுவும் செய்ய முடியாது. நெருக்கத்தில் எடுக்கும்போது அசைவுத் தடுப்பு வசதி பாதி வேலைதான் செய்யும். அதையே நம்பியிருக்காதீர்கள்.

*இழுபடவில்லை, பஞ்சுபோல் மென்மையாக மங்கியிருக்கிறது என்றால்* மிக அருகில் போய்விட்டீர்கள். ஒவ்வொரு லென்ஸுக்கும் அதற்குக் குறைவாகப் போகக்கூடாத தூரம் ஒன்று உண்டு. மெல்லப் பின்னால் வாருங்கள். கைப்பேசியில் இன்னொரு தொல்லை இருக்கிறது: அருகில் போனதும் அது தானாகவே அகலக்கோண லென்ஸுக்குத் தாவிவிடும். நெருங்கி எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸைக் கிளிப்பில் மாட்டியிருப்பவர்கள் ஒரு லென்ஸின் மேல் மாட்டிவிட்டு, கைப்பேசி இன்னொரு லென்ஸால் பார்ப்பதை அறியாமல் திண்டாடுவார்கள். லென்ஸ்களை ஒவ்வொன்றாக விரலால் மறைத்துப் பாருங்கள். திரை எப்போது இருள்கிறதோ அதுதான் இப்போது வேலை செய்யும் லென்ஸ். அமைப்புகளில் தானாக மாறும் வசதியை நிறுத்திவிடலாம்.

*எப்போது கடைக்குப் போக வேண்டும்?* சுவரில் ஒரு நாளிதழ்ப் பக்கத்தைத் தட்டையாக ஒட்டி, முக்காலியில் வைத்து நேராகப் படமெடுங்கள். நான்கு மூலைகளில் ஒன்று மட்டும் எழுத்து மங்கி மற்ற மூன்றும் தெளிவாக இருந்து, கேமராவைத் தலைகீழாக வைத்து எடுத்தபோதும் கேமராவின் அதே பக்கத்து மூலையே மங்கினால், லென்ஸின் உள்ளே ஒரு கண்ணாடி இடம்பெயர்ந்திருக்கிறது. இது கீழே விழுந்த லென்ஸில் வரும். வீட்டில் சரிசெய்யக்கூடியதல்ல. அந்த இரண்டு படங்களையும் கையோடு எடுத்துப்போனால் கடைக்காரருக்கு விளக்கிச் சொல்லும் வேலை மிச்சம்.

நிறம் பொய் சொல்கிறது

*பச்சை பழுப்படித்து, வாடினாற்போல் தெரிகிறது.* சட்டகம் முழுக்கப் பச்சையாக இருந்தால் கேமரா அதைத் தவறு என்று நினைத்துக்கொண்டு எதிர்நிறமான மெஜந்தாவைக் கலந்துவிடுகிறது. வெள்ளையை வெள்ளையாகக் காட்ட நிறங்களைச் சரிசெய்யும் வெண்சமநிலை (ஒயிட் பேலன்ஸ்) வசதியைத் தானியங்கியில் விடாமல் வெயில், மேகம் என்று இருக்கும் குறிகளில் ஒன்றை நீங்களே தேர்ந்தெடுங்கள். அதுவே பாதிக்கு மேல் சரிசெய்யும்.

*பச்சை அளவுக்கு மீறி மஞ்சளாகவோ, வேறு சாயல் ஏறியோ இருக்கிறது.* மரநிழலில் விழும் ஒளி ஆயிரம் இலைகள் வழியாக வடிந்து வந்த ஒளி. அது தானே பச்சையாகத்தான் இருக்கும். இலை இருக்கும் அதே இடத்தில், அதே சாய்வில் சாம்பல் நிற அட்டையை வைத்து ஒரு படம் எடுத்து, அதைக் கொண்டு வெண்சமநிலையை அமையுங்கள். அப்படியும் ஏதாவது சாயல் விடாமல் வந்தால் உங்கள் சட்டையைப் பாருங்கள். குனிந்து எடுக்கும்போது சட்டையின் நிறம் இலையின் மேல் விழுகிறது. தைப்பூசத்துக்கு மறுநாள் மஞ்சள் சட்டையோடு தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் படமெடுக்க வந்த ஒரு தம்பி, எல்லா இலையும் மஞ்சளடித்திருப்பதற்கு மாசுதான் காரணம் என்று உறுதியாக நம்பிக்கொண்டிருந்தார். சாம்பல், கறுப்பு, வெள்ளை: இலைக்குப் போகும்போது இந்த மூன்றைத் தவிர வேறு நிறம் உடுத்தாதீர்கள்.

*சிவப்பு இலை ஒரே பிசினாக, உள்விவரம் இல்லாமல் தெரிகிறது.* குரோட்டன், கோலியஸ், உதிர்வதற்கு முன் சிவக்கும் நாட்டு வாதுமை ஆகியவற்றில் இது வரும். மலாய்க்காரர்கள் கெத்தாப்பாங் என்று சொல்கிறார்களே, அந்த வாதுமைதான். ஒளி சரியாக இருப்பதாகக் கேமரா சொல்லும், ஆனால் சிவப்பு மட்டும் உச்சியைத் தொட்டு வழிந்திருக்கும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் ஒளியளவையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் என்ற வரைபடத்தைத் திறந்து, சிவப்புக்கோடு வலது ஓரத்தில் மோதுகிறதா என்று பாருங்கள். மோதினால் ஒளியளவை மூன்றில் இரண்டு ஸ்டாப் குறையுங்கள். கைப்பேசியில் இலையைத் தொட்டதும் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் போதும். கேமரா திருத்தாத ரா (RAW) கோப்பாக எடுத்தால் பிறகு திருத்த இடமிருக்கும்.

*நேரில் நீலமாகத் தெரிந்த இலை படத்தில் வெறும் பச்சையாகிவிட்டது.* இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சிதான், ஏனென்றால் கேட்டவர் உண்மையிலேயே உற்றுப் பார்த்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். நம் காடுகளின் நிழலான ஈர ஓரங்களில் செலஜினெல்லா வில்டனோவீ என்ற தாவரம் படர்ந்திருக்கும். மயில் பெரணி என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது உண்மையான பெரணி அல்ல, பெரணிக்குத் தூரத்து உறவு. அதன் நீலம் சாயத்தால் வந்ததல்ல. சோப்புக் குமிழில் நிறம் தெரிவதுபோல, இலையின் மேல்தோலில் உள்ள மெல்லிய படலத்தில் ஒளி மோதிப் பிறக்கும் நீலம் அது. ஆகவே மூன்று விஷயங்களைச் சோதியுங்கள். இலை நனைந்திருக்கிறதா? நனைந்தால் நீலம் மறைந்துவிடும். உலரும் வரை காத்திருங்கள், அழகுக்காகத் தண்ணீர் தெளித்துவிடாதீர்கள். நீங்கள் நிற்கும் கோணம் சரியா? ஓர் அடி இடமோ வலமோ நகர்ந்தால் நீலம் திரும்ப எழும். போலரைசர் மாட்டியிருக்கிறீர்களா? மற்ற இலைகளுக்கு உதவிய அதே வடிகட்டி இங்கே நீலத்தையும் சேர்த்து விழுங்கக்கூடும், கழற்றிவிடுங்கள். வெயிலில் வளர்ந்த கொடியென்றால் நீலமே இருக்காது. நிழலுக்குள் தேடுங்கள்.

நரம்பும் சொரசொரப்பும் படத்தில் இல்லை. இலை வழித்தாற்போல் தட்டையாக இருக்கிறது

கேமராவைத் தொடாதீர்கள். ஒளியை நகர்த்துங்கள்.

உங்கள் முதுகுப்பக்கமிருந்து நேராக விழும் ஒளியில் எந்த இலையும் தட்டைதான். கேமராவின் மேலேயே இருக்கும் பிளாஷும் இதே தவறைத்தான் செய்யும். இலையின் பக்கவாட்டிலிருந்து, தரையைத் தடவுவதுபோல் தாழ்வாக ஒளி வர வேண்டும். காலை வெயில் தானாகவே அப்படி வரும். பகலில் ஒரு சின்ன டார்ச் போதும்.

கற்பூரவள்ளியில் பழகுங்கள். அநேகமாக எல்லோர் வீட்டுத் தொட்டியிலும் இருக்கும். அறையை இருட்டாக்கிவிட்டு, இலையின் மட்டத்துக்கு டார்ச்சைத் தாழ்த்தி ஓரத்திலிருந்து அடியுங்கள். நேர் ஒளியில் வெறும் சாம்பல் பூத்த பச்சையாகத் தெரிந்த இலையின் மேல் வெள்ளி மயிர்கள் ஒவ்வொன்றாக எழுந்து நிற்கும். நரம்புகள் வாய்க்கால்களைப் போல இறங்கும். இடையிலுள்ள தசை மெத்தையைப் போல உப்பும். விளிம்பிலுள்ள மழுங்கிய பற்களின் நிழல் அடுத்த பல்லின் மேல் விழும். டார்ச்சைக் கைப்பிடி அளவு உயர்த்துங்கள், அத்தனையும் மறைந்துவிடும்.

*நிழல் மிகக் கறுப்பாக விழுகிறதென்றால்* எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைக் காகிதத்தை நிறுத்துங்கள்.

*மேற்பரப்பு வேண்டாம், உள்ளே ஓடும் நரம்பு வலைதான் வேண்டும் என்றால்* ஒளி பின்னாலிருந்து வர வேண்டும். கறிவேப்பிலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள்: நரம்புகளுக்கு நடுவே ஊசியால் குத்தினாற்போல் ஒளிப்புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள், வாசனை இருக்குமிடம். இதைப் படமெடுக்கச் சிலர் டேப்லெட் திரையின் மேலேயே இலையை வைத்துவிடுகிறார்கள், அப்போது திரையின் கட்டங்களும் சேர்ந்து விழும். திரைக்கும் இலைக்கும் நடுவே இரண்டு விரல் உயரம் இடைவெளி விட்டு, இடையில் ஒரு டிரேசிங் தாளைக் கொடுங்கள்.

படத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள்

வீட்டு விளக்கில் எடுத்தால் மட்டும் வருகிறதா? நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வையுங்கள், சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை நிறுத்திவிட்டு மெக்கானிக்கலுக்கு மாறுங்கள். தீரவில்லை என்றால் விளக்கை மாற்றுங்கள். பகல் வெளிச்சத்திலும் கோடு வந்தால் அது கேமராவின் பழுது, சேவை மையத்துக்கு எடுத்துப்போங்கள்.

எல்லாப் படத்திலும் அதே இடத்தில் கறும்புள்ளி

சென்சாரில் தூசு. எஃப் 16இல் ஒரு வெள்ளைச் சுவரை, ஃபோகஸ் இல்லாமல், எடுத்துப் பார்த்தால் எத்தனை இருக்கிறது என்று தெரியும். கேமராவிலுள்ள சுத்திகரிப்பு வசதியை இரண்டு முறை ஓடவிடுங்கள். பிறகு கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து ரப்பர் ஊதியால் ஊதுங்கள். வாயால் ஒருபோதும் வேண்டாம், எச்சில் தெறித்துவிட்டால் தூசைவிடப் பெரிய தொல்லை. ஊதியும் போகாத புள்ளி ஒட்டிக்கொண்டது. அதைக் கடையில் ஈரச் சுத்தம் செய்யக் கொடுங்கள், சென்சாரில் விழும் கீறலுக்கு மருந்தே கிடையாது.

எடுத்துக்கொண்டிருக்கும்போதே இலை சுருங்குகிறது, மடங்குகிறது

பறித்த இலை என்றால் நேரம் உங்கள் கையில் இல்லை. ஈர நாளிதழில் சுற்றி பிஸ்கட் டின்னில் வைத்திருந்து, ஒளியையும் கேமராவையும் வேறோர் இலையில் சரிபார்த்த பிறகே வெளியே எடுங்கள். பூங்காவில் இலையைப் பறிக்காதீர்கள். உதிர்ந்தவையே கொள்ளை கொள்ளையாகக் கிடக்கின்றன. பையைத் திறந்தபடி தரையில் வைக்கவும் வேண்டாம், அங்குள்ள குரங்குகளுக்கு அது அழைப்பு.

செடியில் இருக்கும் இலையே மடங்கினால் இனத்தைப் பாருங்கள். தூங்குமூஞ்சி மரம் மாலையானால் மடக்கிக்கொள்ளும். மலாயில் அதற்கு ஐந்து மணி மரம் என்றே ஒரு பெயருண்டு. காலையில் வாருங்கள்.

திரையில் சரி, அச்சில் நிறம் வேறு

முதலில் திரையைச் சோதியுங்கள். கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று மஞ்சளாக்கும் இரவு வசதி ஓடிக்கொண்டிருக்கிறதா? பிரகாசம் முழுவதும் ஏற்றப்பட்டிருக்கிறதா? இரண்டையும் சரிசெய்த பிறகு படத்தைப் பார்த்தால், அச்சில் இருண்டு வந்ததற்குப் பாதிக் காரணம் திரையிலேயே தெரியும்.

அடுத்து, கோப்பை எஸ்ஆர்ஜிபி (sRGB) என்ற பொதுவான நிறவெளியில், அதாவது நிறங்களைக் குறிக்கும் முறையில், சேமித்து அனுப்பினீர்களா என்று பாருங்கள். வேறு நிறவெளியில் அனுப்பினால் பல கடைகளின் இயந்திரத்தில் பச்சை செத்துப்போகும்.

அப்படியும் மாறினால், கடைக்காரர் தம் இயந்திரத்தில் தானியங்கித் திருத்தத்தை ஓடவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவப்புக் குரோட்டன் படம் ஒன்றை ஒரு கடை இளஞ்சிவப்பாக அச்சிட்டுக் கொடுத்தது. திருத்தத்தை நிறுத்தச் சொன்னதும் அதே கோப்பு, அதே தாளில் சரியாக வந்தது. "திருத்தம் எதுவும் வேண்டாம் அண்ணே" என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

திரையின் நிறத்தை அளந்து சரிசெய்யும் கருவி கடைசிச் செலவு. கண்காட்சிக்கோ விற்பனைக்கோ பெரிய அளவில் அச்சிடுகிறவர்களுக்குத்தான் அது வேண்டும். மற்றவர்கள் பெரிய தாளுக்குப் பணம் கட்டுமுன் அதே படத்தை 4ஆர் (4க்கு 6 அங்குல) அளவில் ஒன்று அச்சிட்டு வாங்கி, கடை வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில், முடிந்தால் அந்த இலையையே பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.